அத்தியாயம் 6: மலைக்குடிக்கு உடை நெய்வது

மிகுபுனைவு நாவலுக்காக ஒரு மலைக்குடியை உருவாக்க உட்கார்ந்தால், பெரும்பாலானவர்களின் பேனா முதலில் போவது உடைக்குத்தான். தோலாடை, இறகுத் தலைப்பாகை, எலும்பு மாலை, நெற்றியில் சாயக்கோடு. எழுதியிருந்தால் அந்தப் பத்தியை இப்போதே அடித்துவிடுங்கள். அந்த உடையை எந்த மலையில், எந்தக் குடிக்கும் மாட்டிவிடலாம். அதனாலேயே அது யாருடைய உடையும் அல்ல.

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது ஒரே வேலை. ஏழை மலைக்குடி ஒன்றுக்கு இழையிலிருந்து தொடங்கி உடை கட்டுவோம். ஏழைக்குத் துணி விலை மிகுந்த பொருள். ஆகவே நூலும் உழைப்பும் எவ்வளவு என்ற கணக்கு முதலில். கோலமும் குறியீடும் அதற்குப் பிறகு.

கையில் வேண்டியவை

ஐந்தாம் அத்தியாயத்தில் வரைந்த வரைபடம். ஒரு நோட்டு. வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி இரண்டரை மீட்டர். கோணி ஊசி வேண்டாம், சாதாரணத் தையல் ஊசி போதும். சிவப்பு, கறுப்பு நூல்கண்டு ஒவ்வொன்று. துணி எதற்கு என்று நான்காம் படியில் தெரியும். அதை வாங்காமல் படித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு கற்பனைக் குடியை வைத்துக்கொள்வோம். பெயர் முகடர். மழையும் மூடுபனியும் கொண்ட உயரத்தில் வசிக்கிறார்கள். செம்மறி வளர்க்கிறார்கள், சாமை விதைக்கிறார்கள், உப்புக்குச் சமவெளிச் சந்தைக்கு இறங்குகிறார்கள். இதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

படி 1: இழை எங்கிருந்து வருகிறது?

மூன்றே வழிகள். வளர்ப்பது, காட்டில் சேர்ப்பது, வெளியே வாங்குவது. உங்கள் குடிக்கு எது என்று முடிவு செய்யுங்கள். இரண்டு கலந்திருந்தாலும் சரி.

வளர்ப்பதென்றால் தட்பவெப்பத்தைப் பாருங்கள். பருத்திக்கு வெயிலும், காய் வெடிக்கும்போது வறட்சியும் வேண்டும். மூடுபனி மலையில் அது விளையாது. செம்மறிக் கம்பளி விளையும். நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

காட்டில் சேர்ப்பதற்கு நல்ல உதாரணம் நேபாளத்தின் கிழக்கு மலைகளில் இருக்கிறது. அங்கே ‘அல்லோ’ என்ற பெரிய காஞ்சொறிச் செடியின் பட்டையை உரித்து, மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, அடித்து, அலசி, இழையைப் பிரிக்கிறார்கள். தொட்டால் எரியும் செடி அது. அதிலிருந்துதான் சட்டை வருகிறது, மூட்டை வருகிறது, மீன்வலை வருகிறது. ஒடிசாவின் போண்டா பெண்கள் இடுப்பில் சுற்றும் குட்டையான ‘ரிங்கா’வும் காட்டு நாரில் நெய்யப்பட்டு வந்ததுதான். நிலம் இல்லாத குடிக்கு இந்த வழி பொருந்தும்.

வாங்குவதை எழுத்தாளர்கள் நினைத்தே பார்ப்பதில்லை. ‘தொல்குடி என்றால் தானே நெய்வார்கள்’ என்று ஒரு நம்பிக்கை. நீலகிரித் தோடர்களைப் பாருங்கள். ஏறத்தாழ 2,000 பேர் உள்ள சமூகம். அவர்களுடைய பூத்துக்குளிப் போர்வையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே இவர் தோடர் என்று சொல்லிவிடலாம். ஆனால் தோடர்கள் நெய்வதில்லை. வெள்ளைத் துணி வெளியிலிருந்து வருகிறது. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னல் வேலை செய்வதுதான் தோடப் பெண்களின் கை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் டோங்கிரியா கோந்துகளும் அப்படியே: வெள்ளைத் துணியை டோம் சமூகத்து அண்டை வீட்டாரிடம் வாங்கி, அதன் மேல் தங்கள் முக்கோண மலைகளைத் தைக்கிறார்கள்.

ஆகவே ஒரு குடியின் உடை முழுக்க அந்தக் குடியின் கையிலிருந்தே வர வேண்டியதில்லை. வாங்குவதாக முடிவு செய்தால் நோட்டில் இரண்டு கேள்விக்கு விடை எழுதுங்கள். யாரிடம்? என்ன கொடுத்து? கதையின் பாதிச் சிக்கல் இந்த விடைகளில் இருக்கும்.

முகடருக்கு நம் முடிவு: போர்வை சொந்தக் கம்பளி. உள்ளே கட்டும் வேட்டித் துணி சமவெளிப் பருத்தி, தேனுக்கு மாற்றாக.

படி 2: கைக்கணக்குப் போடுங்கள்

1. குடும்பத்தில் எத்தனை ஆடு, கத்தரித்தால் எத்தனை பேருக்குப் போர்வை என்று எழுதுங்கள். எல்லாருக்கும் போதவில்லை என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

2. நூற்பவர்களை எண்ணுங்கள். நெய்வதைவிட நூற்பதே அதிக நேரம் தின்னும் வேலை. தக்களியில் நூற்றால் ஒரு தறிக்கு நூல் போட ஒருவர் போதவே மாட்டார். அதனால்தான் ஆண்டிஸ் மலையிலும் இமயத்திலும் ஆடு மேய்த்துக்கொண்டும் நடந்துகொண்டும் நூற்கிறார்கள். உங்கள் பாத்திரம் பேசும்போது அவள் கை என்ன செய்கிறது? தக்களியைச் சுழலவிட்டால் வசனத்துக்கு நடுவே ‘அவள் பெருமூச்சு விட்டாள்’ என்று எழுத வேண்டியிராது.

3. தறியை முடிவு செய்யுங்கள். மலைக்கு ஏற்றது இடுப்புத் தறி. பாவின் ஒரு முனை தூணில் அல்லது மரத்தில். மறுமுனை நெய்பவளின் இடுப்பு வாரில். அவள் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னே வந்தால் தளரும். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் துணியின் அகலம் அவள் கை எட்டும் தூரத்தைத் தாண்டாது. நாகர்களின் சால்வைகள் இரண்டு மூன்று பட்டைகளாக நெய்து இணைக்கப்படுவதற்கு இதுவே காரணம். உங்கள் குடியின் போர்வையிலும் தையல் கோடு இருக்கட்டும்.

4. ஒவ்வொரு துணியின் ஆயுளையும் எழுதுங்கள். புதிதாக இருக்கும்போது திருவிழாவுக்கு. அப்புறம் அன்றாடத்துக்கு. ஓரம் நைந்ததும் இரண்டாக மடித்துப் பிள்ளையைக் கட்டும் தூளி. அதுவும் கிழிந்தால் ஒட்டுத்துணி. கடைசியில் விளக்குத் திரி. பணக்கார நாட்டு இளவரசனின் துணிக்கு இந்த வரலாறு கிடையாது.

குறிப்பு: சாவையும் இந்தக் கணக்கில் சேருங்கள். தோடர்கள் இறந்தவரைப் பின்னல் போட்ட போர்வையில் சுற்றித்தான் எரியூட்டுகிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் குளிரில் நடுங்கும் குடியில், நல்ல போர்வை ஒன்று நெருப்புக்குப் போகிறது என்றால் அந்த முடிவை வீட்டில் யார் எடுக்கிறார்கள்?

படி 3: நிறம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏழைக்குடியின் முதல் நிறம் சாயமே போடாத நிறம்: ஆட்டின் வெள்ளை, பழுப்பு, கருமை. அதற்கு மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் விலை உண்டு.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். மலைச்சரிவுகளில் படரும் கொடி. சாயம் பிடித்து நிற்கப் படிகாரம் வேண்டும். படிகாரம் சந்தையிலிருந்து வந்தால் சிவப்பும் சந்தையைச் சார்ந்ததே.

நீலத்துக்கு அவுரி. நொதிக்கவைத்த தொட்டியில் முக்கி எடுக்கும்போது துணி பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். மந்திரவாதி இல்லாமலே மந்திரம் நடக்கும் இடம் இது. மிகுபுனைவு எழுதுபவர் இதை விடக்கூடாது.

கறுப்புக்குக் கடுக்காயும் இரும்புத் துருவும். இதில் ஒரு குறை உண்டு. இரும்புக் கறுப்பு நாளடைவில் இழையை அரித்துவிடும். பழைய துணிகளில் மற்ற நிறங்கள் நிலைத்திருக்க, கறுப்பு இருந்த இடம் மட்டும் பொடிந்து ஓட்டையாகும். உங்கள் கதையில் பூட்டன் காலத்துப் போர்வை ஒன்று வருமானால், அதன் கறுப்புக் கோலத்தை ஓட்டைகளாகவே காட்டுங்கள்.

படி 4: உடுத்திப் பாருங்கள்

அந்த இரண்டரை மீட்டர் துணியை எடுங்கள்.

1. ஒரு முனையை இடத்தோளில் முன்பக்கம் தொங்கவிட்டு, மீதியை முதுகு வழியே சுற்றி, வலக்கைக்கு அடியில் கொண்டுவந்து மறுபடி இடத்தோளில் போடுங்கள். ஊசி, பொத்தான் எதுவும் கூடாது.

2. அப்படியே பத்து லிட்டர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி மாடிப்படி ஏறுங்கள். எந்தக் கை மாட்டிக்கொள்கிறது? எங்கே நழுவுகிறது?

3. குனிந்து தரையில் எதையாவது பொறுக்குங்கள். பிறகு குந்தி உட்காருங்கள்.

4. துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி போர்த்துங்கள். கூடிய எடையை உடம்பில் உணருங்கள்.

5. அதையே விரித்து, போர்த்தி, ஓர் இரவு தூங்குங்கள்.

ஒவ்வொரு இடையூறையும் நோட்டில் எழுதுங்கள். அந்தக் குடி இவற்றையெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தீர்த்திருக்கும். எப்படித் தீர்த்தார்கள் என்பதே அவர்களுடைய உடுத்தும் முறை. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் பழைய பெருங்கில்ட் இதற்குச் சரியான பாடம். பல மீட்டர் நீளமுள்ள ஒரே கம்பளித் துணி. கீழ்ப்பாதியைக் கொசுவி இடுப்பில் பட்டை கட்டினால் பாவாடை. மேல்பாதி தோளுக்கும், மழை வந்தால் தலைக்கும். இரவில் பட்டையை அவிழ்த்தால் படுக்கையும் போர்வையும் அதுவே.

எச்சரிக்கை: நைலான், பாலியெஸ்டர் கலந்த துணியை இந்தப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். அடுப்புப் பக்கம் போனால் உருகித் தோலில் ஒட்டும். தொங்கும் முனையுடன் விறகடுப்பு ஊதிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், பருத்தியும் பற்றிக்கொள்ளும். படியேறும்போது துணி காலில் மிதிபடாத உயரத்தில் இருக்கட்டும்.

படி 5: அடையாளத்தை எங்கே வைப்பது?

இங்கேதான் அதிகம் சொதப்புகிறார்கள். உடை முழுவதையும் குறியீடாக்கி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு தத்துவம் சொல்வார்கள். துணி குறைவாக உள்ள இடத்தில் அடையாளம் சிறிய இடத்தில் உட்காரும்: விளிம்பில், முடிச்சில், தைத்த இடத்தில், உடுத்தும் பக்கத்தில்.

விதி: மூன்று அடையாளங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்று, குடிக்கு வெளியே இருப்பவனுக்கும் தெரிவது. இரண்டு, குடிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் புரிவது. மூன்று, ஒரே வீட்டாருக்கு மட்டும் தெரிவது.

முகடருக்கு இப்படி வைக்கலாம்.

- வெளியாருக்கு: இணைத்த பட்டைகளின் நடுவே, மறைக்காமல் தைத்த சிவப்புத் தையல் கோடு.
- குடிக்குள்: கீழ் விளிம்பில் ஓடும் கறுப்பு வரிகள். எத்தனை பட்டி ஆடோ அத்தனை வரி.
- வீட்டுக்குள்: பிள்ளையின் போர்வையில் போடும் முதல் ஒட்டு, பாட்டியின் போர்வையிலிருந்து வெட்டியது.

யார் அணியலாம், யார் அணியக்கூடாது என்பதையும் எழுதுங்கள். ஆவோ நாகர்களின் வீரர் சால்வையில் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அதில் மிதுன் எருது, புலி, யானை, சேவல், மனிதத் தலை என்று கறுப்பில் உருவங்கள். சால்வையை நெய்வது பெண்கள். அந்தப் பட்டையில் வரைவது ஆண்கள். முன்காலத்தில் தகுதி பெற்றவரைத் தவிர வேறு யாரும் அதைப் போர்த்த முடியாது. தகுதி இல்லாதவன் ஒருவன் திருட்டுத்தனமாகப் போர்த்திக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை தானாக நடக்கும்.

செய்முறையையும் கவனியுங்கள். தோடப் பெண்கள் துணியில் வரைந்துகொண்டு தைப்பதில்லை. சட்டமும் மாட்டுவதில்லை. துணியின் இழைகளை எண்ணி, எண்ணிய கணக்கில் ஊசியைச் செலுத்துகிறார்கள். ஓர் அங்குலம் முயன்று பாருங்கள்: உங்கள் துணியில் ஐந்து இழை விட்டு ஐந்து இழை எடுத்துச் சிவப்பு நூலை ஓட்டுங்கள். அடுத்த வரி அதற்கு மாற்று. நெய்த துணியில் இழை எண்ணுவது கண்ணுக்கு என்ன வேலை என்று உடனே விளங்கும். விளக்கு வெளிச்சத்தில் செய்யும் வேலை அல்ல அது. பகல் ஒளியில், மற்ற வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் செய்வது. பார்வை மங்கிய கிழவி தன் கோலத்தைப் பேத்தியின் கண்ணால் எண்ணவேண்டியிருக்கும்.

படி 6: வெளியிலிருந்து ஒரு கையை நீட்டுங்கள்

தங்கள் மலைக்குள் இருக்கும்வரை அவர்களுக்கு அது வெறும் போர்வை. யாராவது தடுத்தால், சிரித்தால், விலை கேட்டால்தான் அது ‘எங்கள் உடை’ ஆகிறது. மூன்று வகைக் கைகள் உண்டு.

*தடுக்கும் கை.* ஸ்காட்லாந்துக் கிளர்ச்சி தோற்றதும் 1746இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் சிறை; மறுமுறை ஏழாண்டு கடல்கடத்தல். அரசனின் படையில் சேர்ந்த மலைநாட்டானுக்கு மட்டும் விலக்கு. தன் தாத்தாவின் உடையை அணிய வேண்டுமானால் எதிரியின் படையில் சேர வேண்டும்! 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே கில்ட் அணிந்து எடின்பரோவில் நின்றார். இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற ஒழுங்கு பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டி உருவானதே. தடை, ஏக்கம், நாடகம் என்று மூன்று தலைமுறைக் கதை இதில் இருக்கிறது.

*திணிக்கும் கை.* பொலிவியாவின் ஐமாராப் பெண்கள் இன்று பெருமையோடு அணியும் அடுக்குப் பாவாடை ஸ்பானிய உடையிலிருந்து வந்தது. 1781இல் துபக் அமாருவின் கிளர்ச்சியை நசுக்கிய ஸ்பானிய அதிகாரிகள் ஆண்டிஸ் மலையில் இன்கா உடைகளைத் தடைசெய்து, ஸ்பானிய உடைக்கு மாறச் சொன்னார்கள். பூட்டானில் 1989இல் எல்லாக் குடிமக்களும் பொது இடத்தில் கோ, கிரா என்ற மரபு உடைகளை அணிய வேண்டும் என்று அரசாணை வந்தது. தெற்கே வாழ்ந்த நேபாளி பேசும் மக்களுக்கு அது வேற்று உடை. அங்கே ஒருவரின் மரபு இன்னொருவருக்குச் சட்டமானது. உங்கள் கதையில் மலைக்குடியே இதை இன்னொரு சிறுகுடிக்குச் செய்யலாம். ஏழைகள் எப்போதும் பாதிக்கப்படுபவர்களாகவே இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

*வாங்கும் கை.* லாவோஸ் போரில் சிதறித் தாய்லாந்து முகாம்களுக்கு வந்த மோங் பெண்கள், பாவாடைக்கும் தூளிக்கும் போட்ட தையலை விற்பனைக்கான சித்திரத் துணிகளாக மாற்றினார்கள். போரும் ஆறு கடந்ததும் அதில் உருவங்களாக வந்தன. தோடர்களின் பின்னலும் இன்று கைப்பை, மேசைவிரிப்பு என்று இறங்கியிருக்கிறது. இதைச் சீரழிவு என்று எழுதிவிடுவது எளிது. அரிசி வாங்க வேண்டியவள் அப்படி நினைப்பாளா?

இரண்டு பத்திகள்

தவிர்க்க வேண்டியது:

“முகடர்கள் கந்தல் அணிந்த ஏழைகள். ஆனால் அவர்களின் போர்வையில் பண்டைய ஞானம் ஒளிர்ந்தது. சிவப்பு வீரத்தையும் கறுப்பு மண்ணையும் குறித்தன.”

மாற்று:

“ஆற்றைக் கடந்ததும் கிழவி நின்றாள். போர்வையை உருவி, விளிம்பை உள்ளே மடித்து மறுபடி போர்த்தினாள். ‘ஏன் பாட்டி?’ என்றான் பேரன். ‘உப்புக்காரனுக்கு இப்ப வரி எண்ணத் தெரிஞ்சுபோச்சுடா. நம்மகிட்ட நாலு பட்டி இருக்குன்னு தெரிஞ்சா விலைய ஏத்திருவான்.’ பேரன் தன் போர்வையைப் பார்த்தான். அதில் வரியே இல்லை. ‘உனக்கென்ன, நீ நிமிர்ந்து நட’ என்றாள்.”

இரண்டாவதில் எந்தக் குறியீட்டுக்கும் விளக்கம் சொல்லப்படவில்லை. வாசகனுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

வழக்கமான பிழைகள்

- ஏழ்மை என்றால் கந்தல் என்று எழுதுவது. ஒட்டுப்போடாத கிழிசல் அலட்சியத்தைத்தான் காட்டும். நூலை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் கிழிசல் உடனே தைக்கப்படும். ஒட்டுக்கு மேல் ஒட்டு எழுதுங்கள்.
- குடி முழுவதற்கும் ஒரே சீருடை. வயது, வசதி, துக்கம், சண்டைக்காரி மருமகள் எல்லாவற்றாலும் உடை மாறும்.
- அடைமழை மலையில் மென்மயிர்த் தோல். ஒரு வாரத்தில் நாறும்.
- ‘ஆயிரம் ஆண்டுகளாக மாறாத உடை’. எந்த உடையும் அப்படி இருந்ததில்லை. ஒரு பாட்டியையாவது ‘எங்க காலத்துல இப்படி இல்லை’ என்று முணுமுணுக்க விடுங்கள்.
- முதல் அறிமுகத்திலேயே தலை முதல் கால் வரை வருணித்துவிடுவது.

பாதுகாப்பு: இரண்டு விஷயம்

முதலாவது, சாயம். கடுக்காய்க் கறுப்பைச் செய்து பார்க்க விரும்பினால், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். இதற்கென்று ஒரு பழைய பாத்திரம் வையுங்கள். திறந்த வெளியில் காய்ச்சுங்கள், கையுறை போடுங்கள். துரு கரைத்த நீரைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மயில்துத்தம் போட்டால் நிறம் நன்றாக வரும் என்று யாராவது சொல்வார்கள். அது நஞ்சு, வேண்டாம்.

இரண்டாவது, கடன். உண்மையான ஒரு குடியின் புனிதக் கோலத்தை அப்படியே எடுத்துக் கற்பனைக் குடிக்குப் போடாதீர்கள். இறந்தவருக்கு மட்டும் போர்த்தும் துணியை உங்கள் நாயகி திருமணத்தில் அணிந்தால், அந்தச் சமூகத்தில் இதைப் படிப்பவருக்கு எப்படி இருக்கும்? தோடப் பின்னலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அனுமதி பெறாத யாரும் அந்தப் பெயரில் எதையும் விற்க முடியாது. அட்டைப்படம் வரைபவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் இணையத்தில் கிடைத்த சால்வைப் படத்தை முதலில் நகலெடுப்பவர் அவர்தான். காரணங்களை எடுங்கள்: தறியின் அகலம், சாயத்தின் விலை, நூற்கும் கை. கோலத்தை நீங்களே எண்ணிப் போடுங்கள்.

எந்தச் சமூகத்தின் துணியைப் பார்த்துக் கற்றீர்களோ, அதன் பெயரை நூலின் நன்றியுரையில் தெளிவாக எழுதுங்கள். முடிந்தால் அவர்கள் கையால் செய்த ஒன்றை, பேரம் பேசாமல், அவர்களிடமே நேரடியாக வாங்குங்கள்.